சக்தி பெற்ற பிள்ளைகள்: வாசகர் கேள்வி பதில்

அபூர்வ சக்தி வாய்த்த பதின்ம வயதினரைப் பற்றிய இளையர் புனைகதைகள் குறித்துச் சென்ற இதழில் ஒரு கேள்விக்கு மட்டும் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுப் பெற்றோர், மாணவர், ஆசிரியர் எனப் பலரும் எழுதியிருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். நூலகத்திலிருந்து அவள் எடுத்துவருவதெல்லாம் சுவரில் ஏறும் பையன், பிறர் மனத்தைப் படிக்கும் பெண், கையில் தீ வரும் இரட்டையர் என்றே இருக்கின்றன, எல்லாம் ஆங்கிலம். தமிழில் படியேன் என்றால், "தமிழில் இப்படி எங்கே இருக்கிறது?" என்கிறாள். இந்தக் கதைகளால் அவளுக்கு என்ன பயன்? தடுக்கலாமா?
— ஒரு தாயார், செங்காங்

பதில்: தடுக்க வேண்டாம், அம்மா. பதினான்கு வயதுப் பிள்ளை தானாக நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்துவருகிறாள் என்பதே நல்ல செய்தி. அதை நிறுத்தினால் அந்த நேரத்தைத் திருக்குறள் நிரப்பப் போவதில்லை, கைப்பேசிதான் நிரப்பும்.

பயனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967இல் பதின்ம வயதினரிடம் காணப்படும் இரண்டு நினைப்புகளைப் பற்றி எழுதினார். எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது ஒன்று. தனக்கு நேர்வது உலகில் வேறு யாருக்கும் நேர்ந்ததில்லை, ஆபத்தும் தன்னை அண்டாது என்பது மற்றொன்று. முகத்தில் ஒரு பரு வந்ததற்காகப் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழும் பிள்ளையும், மறுநாள் மிதிவண்டியில் இரு கைகளையும் விட்டுவிட்டுச் சரிவில் இறங்கும் பிள்ளையும் ஒரே பிள்ளைதான் என்பதைப் பெற்றோர் அனைவரும் கண்டிருப்பார்கள். நினைத்தபோது மறைந்துபோகும் பெண்ணின் கதை முதல் நினைப்புக்கும், எவ்வளவு அடிபட்டாலும் காயம்படாத பையனின் கதை இரண்டாவது நினைப்புக்கும் உருவம் கொடுக்கின்றன. தன் மனத்தில் இருப்பதை வெளியே எடுத்து வைத்துப் பார்க்கும் வாய்ப்பு உங்கள் மகளுக்கு அந்தக் கதைகளில் கிடைக்கிறது.

ஆனால் எல்லாக் கதைகளும் ஒரே தரத்தவை அல்ல. அமெரிக்கப் படக்கதைகளில் நெடுங்காலம் பதின்ம வயதினர் பெரும்பாலும் பெரிய வீரனுக்குப் பின்னால் ஓடும் துணைவர்களாகவே இருந்தார்கள். 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தேதியிட்ட இதழில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேன் தோன்றியபோது அந்த வழக்கம் பெரிதும் மாறியது. பீட்டர் பார்க்கர் என்ற பள்ளி மாணவனைச் சிலந்தி கடித்துச் சக்தி வந்ததும், அவன் ஊரைக் காப்பாற்றக் கிளம்பவில்லை. மேடையிலும் தொலைக்காட்சியிலும் வித்தை காட்டிப் பணம் சம்பாதிக்கத்தான் கிளம்பினான். கண்ணெதிரே ஓடிய திருடனைத் தடுப்பது தன் வேலையன்று என்று விட்டுவிடுகிறான். அதே திருடன் பிறகு அவனை வளர்த்த பெரியப்பாவைக் கொன்றுவிடுகிறான். அதன் பின் அவனுடைய பெரியம்மா வாடகை கொடுக்க முடியாமல் திண்டாடுகிறார். சுவரில் ஏறத் தெரிந்த பையனால் வாடகைப் பணத்தைப் புரட்ட முடியவில்லை என்பதுதான் அந்தக் கதை அறுபது ஆண்டுகளைக் கடந்தும் நிற்பதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே, அடுத்த முறை மகள் ஒரு புத்தகத்தை முடித்ததும், "இந்தச் சக்தியால் அந்தப் பிள்ளை எதை இழந்தது?" என்று மட்டும் கேளுங்கள். அவளால் உடனே பதில் சொல்ல முடிந்தால் அது நல்ல புத்தகம். "ஒன்றும் இழக்கவில்லை, எல்லாரையும் அடித்துப் போட்டுவிட்டான்" என்றால் அது பொழுதுபோக்கு. அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

தமிழில் இல்லை என்று அவள் சொல்வது இன்றைய இளையர் நாவலைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை. அதை மறுத்து அவளிடம் வாதாட வேண்டாம். பழைய தமிழில் இருப்பதைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன். அவளையும் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் உயர்நிலை மூன்றில் படிக்கிறேன். தமிழில் ஒரு நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். என் கதாநாயகனுக்குப் பறக்கும் சக்தி, யானை பலம், மனத்தைப் படிக்கும் ஆற்றல், மறையும் ஆற்றல் ஆகிய நான்கும் உண்டு. நான்கு அதிகம் என்கிறார் என் தமிழாசிரியர். எத்தனை இருக்கலாம்?
— ஒரு மாணவர், ஈசூன்

பதில்: தம்பி, உங்கள் ஆசிரியர் சொல்வது சரி. நான்கு சக்தி உள்ளவனுக்கு எந்தச் சிக்கலும் ஒரு பக்கத்துக்கு மேல் நீடிக்காது. பூட்டிய அறையில் அடைத்தால் உடைத்துக்கொண்டு வருவான். உடைக்க முடியாவிட்டால் மறைந்துகொள்வான். யார் சதி செய்கிறார்கள் என்று முன்பே மனத்தைப் படித்துத் தெரிந்துகொள்வான். வாசகர் கவலைப்படுவதற்கு நீங்கள் ஒன்றுமே மிச்சம் வைக்கவில்லை.

ஆனால் எண்ணிக்கை மட்டுமே பிரச்சினை என்று சொல்ல மாட்டேன். தமிழின் மிகப் பழைய சக்தி பெற்ற இளம்பெண்களில் ஒருத்தி, மணிமேகலைக் காப்பியத்தின் நாயகி மணிமேகலை. அவளுக்குக் கிடைத்தவை மூன்று. புகார் நகரின் உவவனத்திலிருந்து மணிமேகலா தெய்வம் அவளை மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிச் செல்கிறது. அங்கே அவள் தன் முற்பிறவியை அறிந்த பிறகு, வேற்றுரு எடுக்கவும், வானில் செல்லவும், பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்களைத் தெய்வம் சொல்லிக்கொடுக்கிறது. முதல் இரண்டை மட்டும் கொடுத்துவிட்டுப் புறப்பட்ட தெய்வம், மறந்தது போலத் திரும்பி வந்து, "மக்கள் யாக்கை உணவின் பிண்டம்" என்று சொல்லி மூன்றாவதைக் கொடுக்கிறது. பறக்கத் தெரிந்தாலும் உருமாறத் தெரிந்தாலும் நீ சோற்றால் ஆன உடம்புதான் என்று நினைவூட்டும் அந்த இடத்தை, சக்திக் கதை எழுத நினைக்கும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது படிக்க வேண்டும்.

பிறகு நடப்பதைக் கவனியுங்கள். சோழ இளவரசன் உதயகுமரன் அவளை விடாமல் தொடர்கிறான். அவனிடமிருந்து தப்ப, காயசண்டிகை என்ற வித்தியாதரப் பெண்ணின் உருவத்தை மணிமேகலை எடுத்துக்கொள்கிறாள். பார்வைக்கு இது சாமர்த்தியமான வேலை. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் மனைவியைப் பிரிந்திருந்து அவளைத் தேடி வரும் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், தன் மனைவி இளவரசனிடம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துவிடுகிறான். அன்றிரவு அவன் வாளுக்கு உதயகுமரன் பலியாகிறான். மணிமேகலை சிறைப்படுகிறாள், மகனை இழந்த அரசி அவளைப் பித்தாக்கவும் மாசுபடுத்தவும் வழி தேடுகிறாள். யாரையும் துன்புறுத்தாமல் தன்னைக் காத்துக்கொள்ள எடுத்த ஓர் உருவம் ஓர் உயிரைக் குடித்துவிட்டது. சக்தி மூன்றாக இருந்தும் கதை தளராமல் நிற்பது இதனால்தான்.

உருமாறும் சக்தியை நம் காலத்திலும் ஒரு பதின்ம வயதுப் பெண்ணுக்குக் கொடுத்து வெற்றி கண்டிருக்கிறார்கள். ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய அமெரிக்கப் பெண்ணான கமலா கானின் படக்கதை வரிசை 2014இல் தொடங்கியது. அதன் முதல் தொகுப்பு 2015இல் ஹியூகோ விருது பெற்றது. சக்தி வந்ததும் அவள் தன்னையறியாமல் பொன்னிற முடியும் வெள்ளைத் தோலும் கொண்ட ஒரு வீராங்கனையாக மாறிவிடுகிறாள். அந்த உடல் தனக்குப் பொருந்தவில்லை என்பதை உணர்ந்து தன் சொந்த முகத்துக்குத் திரும்புகிறாள். வேறு யாராகவோ இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஏங்கும் பிள்ளைக்கு உருமாறும் சக்தியைத் தவிர வேறு எதைக் கொடுத்திருந்தாலும் அந்தக் கதை அமைந்திருக்காது.

எனவே சக்தியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் உங்கள் பையனின் தவிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அவன் பெற்றோர் பிரிவதைப் பற்றி இரவில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். அவனுக்குச் சுவருக்கு அப்பால் கேட்கும் சக்தி வந்துவிடுகிறது. பத்தாவது மாடிப் பாட்டியின் வானொலி, குப்பைக்குழாய் வழியே கீழே விழும் போத்தல், எதிர்வீட்டுக் குழந்தையின் இருமல் என்று புளோக்கின் அத்தனை ஓசைகளும் காதில் விழுகின்றன. தலையணையால் காதைப் பொத்தினாலும் நிற்பதில்லை. "பையன் யாரிடம் இருப்பது?" என்று அப்பா கேட்கிறார். அம்மா பதில் சொல்வதற்கு முன் எடுத்துக்கொள்ளும் மூச்சுகூட அவனுக்குக் கேட்கிறது. இந்த ஒரு சக்தியை வைத்துக்கொண்டு இருநூறு பக்கம் எழுதலாம். பறக்கவும் வேண்டாம், யானை பலமும் வேண்டாம்.

கேள்வி: சக்தி எப்படி வந்தது என்று அறிவியல் முறையில் விளக்கியே ஆகவேண்டுமா?
— வாசகர், பிடோக்

பதில்: வேண்டியதில்லை. கதிரியக்கம், மரபணு, விண்கல் என்று எதைச் சொன்னாலும் வாசகர் அரைப் பக்கம் பொறுத்துக்கொள்வார். அதற்கு மேல் நீட்டினால் பாடநூலாகிவிடும். விளக்கத்தைவிட, சக்தியைப் பெற்ற அந்தக் கணம் மனத்தில் நிற்க வேண்டும். இதற்கு நம் தீவின் கதையே இருக்கிறது. மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் வரும் பாடாங் ஓர் அடிமை. அவன் ஆற்றில் வைத்த மீன்பொறியில் நாள்தோறும் செதிலும் முள்ளும் மட்டுமே மிஞ்சுகின்றன. மறைந்திருந்து பார்க்கிறான், செந்நிறக் கண்களும் நீண்ட தாடியும் கொண்ட ஒரு பூதம் மீன்களைத் தின்றுகொண்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பலம் கேட்கிறான். தான் கக்குவதை உண்டால் பலம் வரும் என்கிறது பூதம். பாடாங் உண்கிறான். பிற்பாடு இந்திய நாட்டிலிருந்து பந்தயத்துக்கு வந்த மல்லன் முழங்கால் வரைக்குமே தூக்க முடிந்த பாறையை அவன் தூக்கிச் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்துக்கு எறிந்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்த பகுதி. ஆனால் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். பாறையைவிட வாந்தியைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். இவ்வளவு அருவருப்பான விலையைக் கொடுக்கும் அளவுக்கு ஓர் அடிமைக்குப் பலம் தேவைப்பட்டிருக்கிறது என்பதை எந்த விளக்கமும் இல்லாமலேயே அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது.

கேள்வி: இத்தகைய கதைகள் நியூயார்க்கிலோ தோக்கியோவிலோ நடந்தால்தான் நம்பும்படி இருக்கின்றன. சிங்கப்பூரில் ஒரு வீரனைப் பறக்கவிட்டால் சிரிப்பு வருகிறது. நம் ஊர் இதற்குத் தோதான களமா?
— ஒரு பல்கலைக்கழக மாணவி, கிளமெண்டி

பதில்: சிரிப்பு வருவதற்குக் காரணம் ஊர் அன்று, வேறோர் ஊருக்காகத் தைத்த சட்டையை அப்படியே இங்கே மாட்டிவிடுவதுதான். கிழக்கிலிருந்து மேற்குக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள தீவில், பறப்பவன் வேகம் எடுப்பதற்குள் கடல் வந்துவிடும். வடக்கே திரும்பினால் கடப்பிதழ் இல்லாமல் ஜோகூருக்குள் நுழைந்தவனாகிவிடுவான். விமான நிலையங்களுக்கும் விமானத் தளங்களுக்கும் 5 கிலோமீட்டர் சுற்றளவில் அனுமதியின்றி ஒரு டிரோனைக்கூடப் பறக்கவிட முடியாது. ஒரு பதினைந்து வயதுப் பையன் பறந்தால் எத்தனை அமைப்புகள் விசாரணைக்கு வரும் என்று எண்ணிப் பாருங்கள். நகைச்சுவைக் கதை எழுதுவதாக இருந்தால் இதுவே நல்ல தொடக்கம்.

இரகசியத்தைக் காப்பது இன்னும் கடினம். நியூயார்க் கதைகளில் வீரன் ஆளில்லாத சந்துக்குள் ஓடி உடை மாற்றிக்கொள்கிறான். இங்கே சந்துக்கு எங்கே போவது? வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளிலும் பலமாடிக் கார் நிறுத்தங்களிலும் 2012 முதல் காவல்துறையின் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டு வருகின்றன. கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடும் தாத்தாமார் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாடி நடைபாதையிலும் துணி உலர்த்தும் அம்மாமார் இருக்கிறார்கள். முகமூடி அணிந்தவன் மின்தூக்கிக்குக் காத்திருந்தால், எந்த வீட்டுப் பிள்ளை என்று அவன் காலணியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இதை இடையூறாக நினைக்காதீர்கள். ஒளிய இடமில்லாத ஊரில் ஒளித்து வைக்க வேண்டிய ஒன்று இருப்பதுதான் கதை.

எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் ஆண்பிள்ளைகள் பதினாறரை வயதில் தேசிய சேவைக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சேர்ப்புக்கு முன் மருத்துவப் பரிசோதனை உண்டு. சக்தி பெற்ற எந்தப் பையனின் கதைக்கும் இதைவிட நல்ல கடிகாரம் வேறு நாட்டில் கிடைக்காது. மேலே ஈசூன் தம்பிக்குச் சொன்ன பையனையே எடுத்துக்கொள்வோம். செவிப் பரிசோதனைக்காக அவன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அவனுக்கோ சோதனை ஒலியோடு பக்கத்து அறையின் தட்டச்சு ஓசை, வராந்தாவில் காத்திருப்போரின் முணுமுணுப்பு, மருத்துவரின் இதயத் துடிப்பு எல்லாமே கேட்கின்றன. எதைக் கேட்டதாகக் காட்டுவது, எதை விட்டுவிடுவது? நன்றாகச் செய்தால் மாட்டிக்கொள்வான். மோசமாகச் செய்தால் செவிக் குறைபாடு என்று எழுதிவிடுவார்கள். அவனுக்கு நாட்டுக்கு உதவ விருப்பம் இருக்கலாம். தன்னை ஒரு கருவியாக ஆக்கிவிடுவார்களோ என்ற அச்சமும் இருக்கலாம். இரண்டும் நியாயமானவை என்பதால் எழுத்தாளர் எந்தப் பக்கமும் எளிதில் சாய முடியாது. நல்ல நாவலுக்கு அதைவிட என்ன வேண்டும்?

குழுவாகச் சேரும் கதை எழுத நினைப்பவர்களுக்கும் ஒரு வசதி உண்டு. 1989இல் கொண்டுவரப்பட்ட இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் வீவக புளோக்குகளில் பல இனத்தவரும் கலந்து வாழ்கிறார்கள். பாடாங்கின் கதையைப் பாட்டியிடம் கேட்ட மலாய்ப் பிள்ளையும், குரங்கு அரசனின் கதையைக் கேட்ட சீனப் பிள்ளையும், அனுமனையும் சித்தர்களையும் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளையும் ஒரே மாடியில் இருப்பார்கள். தங்களுக்கு வந்திருக்கும் சக்தி என்னவென்று மூவரும் மூன்று விதமாகப் புரிந்துகொள்வார்கள். அந்தச் சண்டையை எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் இரும்புக்கை மாயாவியைப் படித்துவிட்டுத்தான் தூங்குவோம். இன்றைய பிள்ளைகள் அதைப் பழசு என்கிறார்கள். அதில் இல்லாதது இவற்றில் என்ன இருக்கிறது?
— ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், தோ பாயோ

பதில்: ஐயா, 1972இல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த அந்த மாயாவி, மூலத்தில் பிரிட்டிஷ் படக்கதை நாயகன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். ஒரு சக்தி, அதற்கு ஒரு தேவை, அதில் ஒரு குறை என்று மூன்றையும் ஒரே படத்தில் காட்டிவிட்ட அந்த அமைப்பை இன்றைக்கும் மிஞ்சுவது கடினம். ஆனால் மாயாவி வளர்ந்த மனிதர். அவருக்கு வீட்டுப்பாடம் இல்லை. அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை. தோழி ஏன் பேசவில்லை என்று இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் தேடுவது அதைத்தான். உங்களிடம் பழைய பிரதிகள் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: இந்தக் கதைகளில் எப்போதும் பிள்ளைகள் பெற்றோரிடம் மறைக்கிறார்கள். வீட்டில் சொன்னால் கதையே இல்லை என்கிறாள் என் தோழி. உண்மைதானா?
— உயர்நிலை நான்கு மாணவி, புக்கிட் பாத்தோக்

பதில்: உங்கள் தோழி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறைக்கும் இரகசியம் கதையை இழுத்துச் செல்லும் என்பது சரிதான். ஆனால் பல எழுத்தாளர்கள் அதற்காகக் குறுக்கு வழியில் போகிறார்கள். முதல் அத்தியாயத்திலேயே பெற்றோரை விபத்தில் கொன்றுவிடுகிறார்கள், அல்லது வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது எழுத்தாளருக்குத்தான் வசதி. நம் வீடுகளில் அப்பா, அம்மா இல்லாவிட்டாலும் பாட்டி இருப்பார். பாட்டி தூங்கினாலும் வார இறுதியில் அத்தை வந்துவிடுவார். அத்தையின் கண்ணிலிருந்து எதையும் மறைக்க முடியாது.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பதாக எழுதிப் பாருங்கள். பேத்தி தொடும் பொருளெல்லாம் சூடாவதைப் பாட்டி கவனித்துவிடுகிறார். ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவளுக்கு மட்டும் பிளாஸ்டிக் குவளைக்குப் பதிலாக எவர்சில்வர் குவளையில் மைலோ வருகிறது. பாட்டிக்கு எவ்வளவு தெரியும், இளமையில் பாட்டிக்கும் இப்படி ஏதேனும் இருந்ததா என்ற கேள்விகளை வாசகரே எழுப்பிக்கொள்வார். சொன்ன பிறகும் கதை இருக்கிறது. சொல்லப்போனால், அதன் பிறகுதான் கடினமான பகுதி தொடங்குகிறது. தெரிந்துகொண்ட தாய், மகளை வெளியே விடுவாரா?

கேள்வி: வில்லன் கெட்டவனாகத்தான் இருக்க வேண்டுமா?
— மாணவர், உட்லண்ட்ஸ்

பதில்: புக்கிட் மேரா கதையை நினைத்துக்கொள்ளுங்கள். கூர்மூக்கு மீன்கள் கரையில் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றபோது, அரசனின் ஆட்கள் செய்வதறியாது நின்றார்கள். வாழைத்தண்டுகளை வரிசையாக நட்டால் மீன்களின் மூக்கு அதில் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் சொன்னான்; ஊர் பிழைத்தது. இவ்வளவு அறிவுள்ளவன் வளர்ந்தால் என்ன ஆவான் என்று அரசவையினர் பயந்தார்கள், சிறுவன் கொல்லப்பட்டான். அவன் இரத்தத்தால் குன்று சிவந்தது என்பது மக்கள் சொல்லும் கதை. அங்கே கெட்டவன் என்று யாரைக் காட்டுவீர்கள்? மீனையா, அரசனையா, அவன் காதில் ஓதியவர்களையா, காப்பாற்றப்பட்டும் வாய் திறக்காத மக்களையா? பயந்துபோன பெரியவர்களைவிட ஆபத்தான வில்லன் பதின்ம வயதுக் கதைக்குத் தேவையில்லை.

கேள்வி: என் மாணவர்கள் இத்தகைய கதைகளைத் தமிழில் எழுதும்போது உரையாடல் செயற்கையாகிவிடுகிறது. பத்தாவது மாடியிலிருந்து விழும் பையன் இலக்கணச் சுத்தமாக உதவி கேட்கிறான். பேச்சுத்தமிழை அனுமதித்தால் ஆங்கிலம் புகுந்துவிடுமே என்ற அச்சமும் இருக்கிறது.
— தமிழாசிரியர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: அச்சம் புரிகிறது. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய வீடுகளில் அதிகம் பேசப்படும் மொழி ஆங்கிலமே. தமிழ் பேசும் வீட்டிலும் பிள்ளைகள் தங்களுக்குள் கலந்தே பேசுகிறார்கள். ஆனால் பள்ளிகளிலேயே இப்போது பேச்சுத்தமிழுக்கு இடம் இருக்கும்போது, கதையில் மட்டும் ஏன் அதைத் தள்ளிவைக்க வேண்டும்? எடுத்துரைப்பு எழுத்துத்தமிழில் இருக்கட்டும். வாய் திறக்கும்போது பிள்ளைகள் பிள்ளைகளாகப் பேசட்டும்.

"டேய், இப்ப என்ன கேட்டுச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல."

"பொய் சொல்லாத. உன் மூஞ்சியே சரியில்ல."

இதில் ஆங்கிலம் இல்லை, செயற்கையும் இல்லை. வாக்கியத்தைச் சிறிதாக்கினாலே கலப்பு தானாகக் குறைந்துவிடுகிறது. நீளமாக விளக்க முற்படும்போதுதான் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். எழுதியதை இரண்டு மாணவர்களை எதிரெதிரே நிற்கவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்த வரியில் மற்றவர்கள் சிரிக்கிறார்களோ, சிரிக்க வேண்டாத இடமாக இருந்தால், அந்த வரியை எழுதியவரே அடித்துவிடுவார்.

கேள்வி: ஐந்து பாகங்களாக ஒரு தொடர் திட்டமிட்டிருக்கிறேன். வரைபடம், வம்சாவளி, சக்திகளின் பட்டியல் எல்லாம் தயார். பதிப்பாளரை எப்போது அணுகலாம்?
— இளம் எழுத்தாளர், பொங்கோல்

பதில்: முதல் பாகத்தை எழுதி முடித்த பிறகு. பட்டியல் தயாராக இருப்பதை எழுதிக்கொண்டிருப்பதாக நினைத்துவிட வேண்டாம். முதல் பாகம் தனியாகவே நிறைவு தர வேண்டும். மற்ற நான்கும் வராமலே போனாலும் வாசகர் ஏமாந்ததாக உணரக்கூடாது. அதற்கு முன் அதே உலகில் நடக்கும் ஒரு சிறுகதையை எழுதிப் பாருங்கள். தேசியக் கலைகள் மன்றம் ஈராண்டுக்கு ஒருமுறை நடத்தும் தங்கமுனை விருதுப் போட்டியில் தமிழ்ச் சிறுகதைக்கும் இடமுண்டு; விதிமுறைகளைப் படித்துவிட்டு அனுப்பலாம். சொந்தமாக அச்சிடுவதானால், வெளிவந்த நான்கு வாரங்களுக்குள் இரண்டு படிகளைத் தேசிய நூலக வாரியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அச்சகத்தில் எண்ணிக்கை சொல்லும்போது அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.